பேச்சியம்மாளின் இரண்டு மதிப்பெண்கள்

பேச்சியம்மாள் இரண்டாவது முறையாக அந்த அறைக்குள் வந்தபோது மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாள்.

காலையில் கண்ணாடி இல்லை. எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடையும் கனகாம்பர நிறச் சுடிதாருமாக வந்திருந்தாள். மதியம் முடியை விரித்து விட்டிருந்தாள். உடம்பில் கறுப்புக் குர்த்தா. அந்தக் குர்த்தாவைக் காலையில் போட்டிருந்தவள் அவளுடைய தங்கை இசக்கி. கண்ணாடியும் தங்கையுடையதுதான். பவர் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. வாசற்படி எங்கே இருக்கிறதென்று காலால் தடவித் தடவி வந்தாள்.

என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. உடனே அதை விழுங்கிவிட்டு, மாணவன் அனிருத்தின் மேசைக்கு எதிரே போய் உட்கார்ந்தாள்.

"யுவர் நேம்?" என்றான் அனிருத்.

"ரம்யா" என்றாள் பேச்சி. "மாட்டுங்கா. பி.காம்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. நடந்துகொண்டிருந்தது மூன்றாம் ஆண்டு உளவியல் செய்முறைத் தேர்வு. அன்றைக்குத் தேர்வுக்கு வந்த தலைப்பு, 'ஒழுக்கம் சார்ந்து மனிதர் எப்படி யோசிக்கிறார்கள்'!

ஆள் இல்லாமல் தேர்வு இல்லை

நான் சொல்லிக்கொடுக்கும் பாடத்தின் விசித்திரத்தை இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வேதியியல் மாணவனுக்குத் தேர்வு வைத்தால் அமிலத்தைக் கல்லூரியே கொடுக்கும். உளவியல் மாணவன் சோதனைக்கு ஒரு மனிதரைக் கையோடு அழைத்து வர வேண்டும். அந்த மனிதருக்கு எங்கள் மொழியில் 'சப்ஜெக்ட்' என்று பெயர். அத்தை மகன், பக்கத்து வீட்டுப் பெண், டியூஷன் தோழி என்று யாராவது வந்து உட்கார்ந்து, கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு, கேன்டீனில் ஒரு சமோசா வாங்கிக்கொண்டு போவார்கள். சப்ஜெக்ட் வரவில்லையென்றால் தேர்வு எழுத முடியாது. ஒருவரையே இரண்டு மாணவர்கள் பயன்படுத்தவும் கூடாது.

கொரோனா முடிந்து கல்லூரிகள் பழைய நிலைக்குத் திரும்பியிருந்த வருடங்கள் அவை. செம்பூர்க் கல்லூரியில் எங்கள் துறைத் தலைவியாக இருந்தவர் கல்யாணி மேடம். பாலக்காட்டிலிருந்து வந்து மாட்டுங்காவில் வேரூன்றிய குடும்பம். கெட்ட மனுஷி இல்லை. என் அப்பா செத்தபோது முதல் ஆளாக வந்து நின்றவர். ஆனால் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை நாளெல்லாம் விழுந்துகொண்டே இருக்கும். 'பேக்ரவுண்ட்.'

ஒரு பெண் தாமதமாக வந்தால் பேக்ரவுண்ட். ஒரு பையன் உரக்கப் பேசினால் பேக்ரவுண்ட். "என்ன பண்றது சொல்லுங்கோ, அவா வீட்டுச் சூழ்நிலை அப்படி" என்று அவ்வளவு கருணையோடு சொல்வார். திட்டினாலாவது பதிலுக்குத் திட்டலாம். கருணையை என்ன செய்வது?

அந்த வருடம் அவருக்கு ஓர் ஆராய்ச்சி ஆசை வந்தது. மாணவர்களின் சமூகப் பின்னணிக்கும் அவர்களுடைய ஒழுக்கச் சிந்தனைக்கும் என்ன தொடர்பு என்று கட்டுரை எழுத வேண்டும். அதனால்தான் செய்முறைத் தேர்விலும் அதே தலைப்பு. "உங்களுக்கு அந்த ஏரியா தெரியும், நீங்களும் ஹெல்ப் பண்ணணும்" என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்.

அந்த ஏரியா தெரியும்தான். பிறந்ததே தாராவியில். அப்பாவுக்குத் தோல் பதனிடும் இடத்தில் வேலை. வேலை முடிந்து வந்து எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாத ஒரு நெடி எங்கள் வீட்டுத் தலையணைகளில்கூட இருக்கும். எங்கே இருக்கிறாய் என்று யாராவது கேட்டால் என் அண்ணன் பக்கத்து ஏரியாவின் பெயரைச் சொல்லி 'சயான்' என்பான். நான் 'தாராவி' என்பேன். எதிரே இருப்பவர் முகத்தில் ஒரு விநாடி ஏதோ ஓடி மறையும். அதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு வீம்பு.

இப்படிப்பட்டவளை ஆராய்ச்சிக்குக் கூப்பிட்டால் எரிச்சல் வராமல் என்ன வரும்?

பால்பவுடர் கதை

தேர்வில் எல்லாச் சப்ஜெக்டிடமும் ஒரே கதையைச் சொல்லிக் கேட்க வேண்டும். ஒரு பெரிய கடையில் இரண்டு நண்பர்கள் வேலை பார்க்கிறார்கள். ஒருவன் அவ்வப்போது பால்பவுடர் டப்பாவைத் திருடிக்கொண்டு போகிறான். அவனுக்குக் கைக்குழந்தை இருக்கிறது. இது மற்றவனுக்குத் தெரிந்துவிடுகிறது. முதலாளியிடம் சொல்ல வேண்டுமா, கூடாதா? ஏன்?

பதில் என்ன என்பது முக்கியமில்லை, காரணம்தான் முக்கியம். தண்டனைக்குப் பயந்து யோசித்தால் கீழ்ப்படி. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று யோசித்தால் நடுப்படி. நியாயம், பொறுப்பு, கொள்கை என்று யோசித்தால் மேல்படி. மாணவர் எழுதும் அறிக்கையைப் படித்து, வேறு கல்லூரியிலிருந்து வரும் தேர்வாளர் படியைச் சரிபார்த்து மதிப்பெண் போடுவார். அறிக்கையின் தலைப்பிலேயே சப்ஜெக்டின் ஊர், படிப்பு, வீட்டார் தொழில் எல்லாம் இருக்கும்.

காலையில் இசக்கியின் முறை. கல்லூரியில் அவளுக்கு 'இஷா' என்று பெயர். தாராவியில் பை தைக்கும் பட்டறையில் வேலை செய்யும் அக்காவைச் சப்ஜெக்டாகக் கூட்டி வந்திருந்தாள். அக்காவுக்கு அன்றைக்கு லீவு.

அடுத்த மேசையில் மேற்பார்வைக்கு இருந்த என் காதில் பேச்சி சொன்னது முழுக்க விழுந்தது.

"மொதல்ல அவென்ட்ட கேக்கணும்ட்டி. பிள்ளைக்குத்தான் எடுக்கானா, இல்ல வித்துக் குடிக்கானான்னு. பிள்ளைக்குன்னா கடையில வேலை பாக்கவங்க எல்லாம் சேந்து மாசத்துக்கு ஒரு டப்பா வாங்கிக் குடுக்கலாம்லா. வித்துக் குடிக்கான்னா சொல்லத்தான் செய்யணும். ஏன், அந்த மொதலாளி ஒழுங்கா சம்பளம் குடுக்கானா? அத ஏன் கதையில போடல? எங்க சேட்டும் இப்படித்தான், ஓவர்டைம் பாத்தா..."

"அக்கா, சேட்டை விடு!" என்றாள் இசக்கி.

சேட்டை அவள் விடவில்லை. அரை மணி நேரம் சேட்தான் ஓடினார். இசக்கி வியர்க்க விறுவிறுக்க ஆங்கிலத்தில் எழுதினாள். 'முதலில் நண்பனிடம் கேட்பேன் என்கிறாள், குழந்தைக்கு என்றால் உதவலாம் என்கிறாள், குடிப்பதற்கு என்றால் முதலாளியிடம் சொல்லுவாள்.'

வெளித் தேர்வாளர் ஜன்னலோர மேசையில் டீயும் மொபைலுமாக இருந்தார். நிமிர்ந்தே பார்க்கவில்லை. அறிக்கை வந்ததும் தலைப்பைப் படித்தார். தாராவி. பத்தாம் வகுப்பு. பட்டறை வேலை. 'கீழ்ப்படி' என்று பென்சிலால் எழுதினார். இசக்கி நடுப்படி என்று குறித்திருந்ததை அடித்துவிட்டார். வாய்மொழித் தேர்வில் இரண்டு கேள்வி கேட்டு அனுப்பிவிட்டார்.

தூங்கிப்போன சித்தப்பா மகன்

மதியம் அனிருத்தின் முறை. மாட்டுங்காவில் வளர்ந்த பையன். வீட்டில் மட்டும் தமிழ். இசக்கியும் அவனும் முதல் வருடத்திலிருந்து சிநேகிதர்கள். ஒரே பெஞ்ச், ஒரே டிபன் பாக்ஸ்.

அவன் ஏற்பாடு செய்திருந்த சப்ஜெக்ட் அவனுடைய சித்தப்பா மகன். அந்த மகாராஜன் விடிய விடிய கிரிக்கெட் பார்த்துவிட்டு, போனை அணைத்துவிட்டுத் தூங்கிப் போனான். அவ்வளவுதான் காரணம். இதற்காக ஒரு வருடம் வீணாகப் போகிறது என்று அனிருத் கேன்டீன் வாசலில் உட்கார்ந்து அழுதிருக்கிறான்.

"ஆம்பளப் பையன் அப்படி அழுதா என்ன மேடம் செய்யச் சொல்றீங்க?" என்று பிறகு இசக்கி என்னிடம் கேட்டாள். "அக்கா சும்மாதானே உக்காந்திருந்தா. வா, இன்னொரு வாட்டி பேசிட்டு வான்னேன். அவளுக்கும் ஜாலி."

அப்படித்தான் பேச்சியம்மாள் ரம்யா ஆனாள்.

நான் எழுந்து போய் அனிருத்தின் காதருகே குனிந்தேன். "இது செல்லாது. முடித்துவிட்டு வெளியே வா. இசக்கியையும் வரச் சொல். நீயே விலகிக்கொள், மீதியைப் பார்த்துக்கொள்ளலாம்" என்றேன். அவன் தலையாட்டினான். தேர்வாளர் முன்னால் அமர்க்களம் ஆகாமல், மறுதேர்வுக்கு மனுக் கொடுக்க வைத்து இருவரையும் கரையேற்றிவிடலாம் என்பது என் கணக்கு.

பேச்சி காலையில் சொன்னதையே அப்படியே சொன்னாள். சேட் மட்டும் கொஞ்சம் குறைவாக வந்தார்.

அனிருத் எழுதியதுதான் வேறு. 'தீர்ப்புக்கு முன் உரையாடல் அவசியம் என்று இவர் கருதுகிறார். தனிமனிதத் தேவையைச் சமூகத்தின் கூட்டுப் பொறுப்பாகப் பார்க்கிறார். உழைப்புக்கேற்ற ஊதியம் என்னும் நீதியையும் கேள்விக்கு உட்படுத்துகிறார்.'

சேட்டின் ஓவர்டைம் நீதி ஆகிவிட்டது!

"ஸேம் பர்சன், சார்!"

நான் வெளியே கூப்பிடுவதற்குள் வெளித் தேர்வாளர் அவனைக் கூப்பிட்டுவிட்டார். அறிக்கையைப் படிக்கப் படிக்க அவர் முகம் மலர்ந்தது. மேல்படி என்று போட்டார். அதோடு விட்டிருக்கலாம். காலையில் வந்த இசக்கியின் அறிக்கையைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"இரண்டையும் பார்" என்றார் ஆங்கிலத்தில். "ஒரே கேள்வி. இந்தப் பெண் மாட்டுங்கா, எப்படிச் சிந்திக்கிறாள்! அந்தப் பெண் தாராவி. பாவம், கண்ணுக்கு எதிரே இருக்கும் சோற்றைத் தாண்டி அவளுக்கு யோசிக்கத் தெரியாது. உங்கள் மேடத்தின் கட்டுரைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது."

அனிருத்தின் காது மடல் சிவந்ததைப் பார்த்தேன். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.

"இட்ஸ் த ஸேம் பர்சன், சார்!" என்றான். சொன்னான் என்பது தப்பு, கத்தினான். "ரெண்டு பேரும் ஒரே ஆள். இஷாவோட அக்கா. ஒரே ஆன்ஸர்தான் சொன்னாங்க. நீங்க அட்ரஸைப் பார்த்து மார்க் போட்டிருக்கீங்க!"

அவர் இரண்டு அறிக்கைகளையும் மாறி மாறிப் புரட்டினார்.

தேர்வாளர் முகத்தில் முதலில் குழப்பம், பிறகு அவமானம், பிறகு கோபம். கோபம் வந்ததும் அவருக்கு நிம்மதி வந்துவிட்டது. பிடித்துக்கொள்ள விதி இருக்கிறதல்லவா! ஆள்மாறாட்டம் என்று எழுதி, இரண்டு பேர் பெயரையும் போட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு, மீதி டீயைக் குடிக்காமலே எழுந்து போனார்.

வாசலில் நின்றிருந்த இசக்கி அனிருத்தை நெட்டித் தள்ளினாள்.

"பாகல் ஹை கியா தூ? பைத்தியமாடா நீ? என் பேரை ஏன்டா சொன்னே?"

"இஷா, அவர் உங்க அக்காவை இன்சல்ட் பண்ணினார். அதைக் கேட்டுண்டு மார்க்கை வாங்கிண்டு வந்தா நான் என்ன மனுஷன்?"

"எங்கக்கா கேன்டீன்ல வடாபாவ் தின்னுக்கிட்டு இருக்கா. அவளுக்கு வராத இன்சல்ட் உனக்கு எங்கேருந்துடா வந்துச்சு?"

"இட்ஸ் அ மேட்டர் ஆஃப் ப்ரின்சிபிள்."

"உன் ப்ரின்சிபிளுக்கு உன் வருஷத்தைக் குடு. என் வருஷத்தைக் குடுக்க நீ யாரு? எனக்கு எம்.ஏ. இன்டர்வ்யூ இருக்குன்னு தெரியுமில்ல? ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டியா?"

அவன் கேட்கவில்லைதான். கேட்டிருந்தால் அந்தக் கோபத்தில் இருந்த நேர்மை ஆறிப்போயிருக்கும் என்பதும் எனக்குத் தெரிந்தது. இருவரையும் சேர்த்து நாலு அறை விட வேண்டும் போல எனக்கு ஆத்திரம். யார் பக்கம் நின்றாலும் மற்றவர் பக்கத்து நியாயம் வந்து என் தோளைத் தட்டியது. வருடக்கணக்காக இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவள் அந்த வராந்தாவில் இருவரையும் வீட்டுக்குப் போங்கள் என்று மட்டும் சொன்னேன்.

விசாரணை

ஒரு வாரத்தில் விசாரணை. துணை முதல்வர், கல்யாணி மேடம், நான்.

துணை முதல்வர் அவசரத்தில் இருந்தார். பையன் தானாகவே உண்மையைச் சொல்லிவிட்டான், அவனை எச்சரித்து விட்டுவிடலாம். அந்தப் பெண்தான் ஆளை மாற்றி அனுப்பியவள், அவளுக்கு ஒரு வருடத் தடை. இதுதான் அவர் யோசனை.

"அனிருத் பேசினது ரொம்ப உயர்ந்த விஷயம், இல்லையா?" என்றார் கல்யாணி மேடம் என்னைப் பார்த்து. "இசக்கி நல்ல பொண்ணுதான். ஆனா ரூல்ஸை வளைக்கிறது அந்தப் பேக்ரவுண்ட்ல சகஜமாப் போயிடறது. என்ன பண்றது சொல்லுங்கோ."

அன்றைக்கு எனக்குப் பொறுமை அவ்வளவுதான்.

"ஏமாற்றினது ரெண்டு பேரும்" என்றேன். "லாபம் அனிருத்துக்கு. இசக்கிக்கு இதில் ஒரு மார்க்கூட வரவில்லை. அவளுடைய தேர்வு காலையிலேயே ஒழுங்காக முடிந்துவிட்டது. லாபம் அடைந்தவனை உயர்ந்தவன் என்கிறீர்கள். சிநேகிதனுக்காகச் சிக்கிக்கொண்டவளுக்கு மட்டும் தண்டனை. இதற்கு எந்தப் படி போடுவது மேடம்?"

பிறகு இரண்டு அறிக்கைகளையும் எடுத்துத் துணை முதல்வர் முன் வைத்தேன். ஒரு பெண்ணின் ஒரே பதிலுக்கு இரண்டு படி போட்ட தேர்வாளரின் பென்சில் எழுத்து அதில் இருந்தது. "தடை போட்டால் அந்தப் பெண் பல்கலைக்கழகத்துக்கு மேல்முறையீடு செய்வாள். அப்போது இதையும் அங்கே படிப்பார்கள்" என்றேன் ஆங்கிலத்தில்.

துணை முதல்வருக்குத் தமிழ் தெரியாது, உளவியலும் தெரியாது. ஆனால் வம்பு எங்கே இருக்கிறது என்று தெரியும். இருவருக்கும் ஒரே தண்டனை, அடுத்த பருவத்தில் மறுதேர்வு என்று முடித்தார். கல்யாணி மேடம் அறிக்கைகளை எடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே போனார்.

இதை வெற்றி என்று நான் நினைத்துக்கொள்ள முடியவில்லை. அடுத்த பருவம் வருவதற்குள் இசக்கியின் எம்.ஏ. சேர்க்கை முடிந்துவிட்டது. அனிருத்துக்கும்தான் ஒரு வருடம் போயிற்று. ஆனால் அவன் அந்த வருடத்தில் ஜெர்மன் கற்றுக்கொண்டான். இசக்கி கோபர்கைரனேயில் ஒரு கோச்சிங் கிளாஸில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போனாள். சமமான தண்டனை என்று காகிதத்தில் எழுதுவது சுலபம்.

மறுதேர்வில் இருவரும் தேறினார்கள். வேறு வேறு சப்ஜெக்ட், வேறு வேறு நாள். இருவரும் ஒருவரோடொருவர் பேசவில்லை.

கல்யாணி மேடம் கட்டுரையை முடித்து ஒரு கருத்தரங்கில் வாசித்தார். என் பெயரையும் போடட்டுமா என்று ஃபோனில் கேட்டார். அந்த இரண்டு அறிக்கைகளையும் சேர்த்தீர்களா என்று கேட்டேன்.

"அது எக்ஸெப்ஷன் இல்லையோ? அதைச் சேர்த்தா ரிசல்ட் கெட்டுப் போயிடும்."

"அப்படியென்றால் என் பெயர் வேண்டாம் மேடம்."

"உங்களுக்கு என்னமோ கோபம்" என்றார், அதே கருணையோடு.

தொண்ணூறடி ரோட்டில்

பேச்சியம்மாளைப் பிறகு ஒரு நாள் தாராவித் தொண்ணூறடி ரோட்டில் பார்த்தேன். மீன் வாங்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கூச்சமே இல்லாமல் சிரித்தாள்.

"டீச்சர், எனக்கு எத்தன மார்க்கு? அத யாருமே சொல்லல பாத்துக்கிடுங்க."

அது உனக்கான மார்க் இல்லை, இசக்கிக்கான மார்க் என்றேன்.

"நாந்தான பேசுனேன்? தொண்ட வறள ரெண்டு வாட்டில்லா பேசுனேன்!"

இசக்கிக்கு ஒரு வருடம் போயிற்றே, அதில் வருத்தம் இல்லையா என்றேன். அவள் முகம் மாறியது. "வருத்தம் இல்லாம? வீட்டுல இசக்கி ரெண்டு மாசம் எங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசல. நானா வாரேன்னு சொன்னேன்? அவாதான் கூப்ட்டா. இப்ப எம்மேல கோவம். படிச்ச பிள்ளைகளுக்கு யாரு மேல கோவப்படணும்னே தெரிய மாட்டேங்கு டீச்சர்" என்றவள், மீன்காரரிடம் திரும்பி, "அண்ணாச்சி, அந்த வாலு எனக்கு வேண்டாம், நடுத்துண்டு போடுங்க" என்றாள்.

மான்குர்த் தாண்டி

இசக்கியை அடுத்த வருடம் ஹார்பர் லைன் ரயிலில் பார்த்தேன். அவள் சுனாபட்டியில் ஏறியிருக்கிறாள். நான் செம்பூரில் ஏறியதும் "மேடம்!" என்று கத்தி, பக்கத்தில் இருந்த பெண்ணை இடித்து நகர்த்தி எனக்கு இடம் பிடித்துக் கொடுத்தாள். எம்.ஏ.வுக்கு இடம் கிடைத்துவிட்டதாம். ஜூலையிலிருந்து வகுப்பு. அதுவரை கோச்சிங் கிளாஸ்.

சந்தோஷமாகப் பேசிக்கொண்டே வந்தவள் கோவண்டி தாண்டியதும் ஃபோனை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"அனிருத் அனுப்பியிருக்கான்."

ஆங்கிலத்தில் ஒரு நீண்ட செய்தி. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. தான் அன்றைக்குப் பேசியது சரி என்றுதான் இன்னமும் நினைப்பதாக எழுதியிருந்தான். ஆனால் அதன் விலையில் பாதியை அவளைக் கொடுக்க வைத்ததற்கு வெட்கப்படுவதாகவும், அன்றிலிருந்து அந்த வராந்தாவில் அவள் கேட்ட கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருப்பதாகவும் எழுதியிருந்தான். கடைசி வரி மட்டும் ஆங்கில எழுத்தில் தமிழ். 'அக்கா எப்படி இருக்கா?'

"நீ என்ன பதில் போட்டாய்?"

"'டீக் ஹை, அக்காவும் டீக் ஹை'ன்னு போட்டேன். நல்லாத்தான் இருக்கோம்னு."

"அவ்வளவுதானா? மன்னித்துவிட்டாயா?"

வண்டி மான்குர்த்தைத் தாண்டிக் கழிமுகப் பாலத்தில் ஏறியிருந்தது. உப்புக் காற்று முகத்தில் அடித்தது. அவள் ஃபோனை வாங்கிப் பைக்குள் போட்டாள்.

"மன்னிக்கல மேடம். கோவம் போயிருச்சு, அவ்ளோதான். ரெண்டும் வேற வேறதானே?"

"வேற வேறதான்" என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். வாஷி வந்தது. துப்பட்டாவை இழுத்துச் சொருகிக்கொண்டு, கதவை அடைத்து நின்ற பெண்களை "உதர்னா ஹை, உதர்னா ஹை" என்று இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.